கடற்காகத்துக்குக் கிடைக்காத முடிவு

அந்தக் காலத்தில், கடலுக்குத் தூதாகக் கடற்காகங்கள் பேசித் திரிந்த நாளில், இத்தாலிய நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. படகு திரும்பத் தாமதித்தால் கடற்காகம் வாசலில் வந்திறங்கும். போனவனைப் பற்றிக் கேள்வி கேட்கும். அன்றைய மொழியில் நடந்ததைச் சொல்ல ஒரே வடிவம்தான் உண்டு: முடிந்துபோனதாகச் சொல்வது. விடை முடிந்தால் ஆளும் முடிந்தான் என்று கடல் அவனை எடுத்துக்கொள்ளும். வாய் திறவாவிட்டாலோ, கைவிட்டதாகப் பொருள்.

மீனவன் நீனோ புயலில் சிக்கிய மறுநாள் காலை, அவன் மனைவி ரொசால்பாவின் வாசலில் காகம் இறங்கியது.

"படகேறும்போது உன் கணவன் என்ன செய்தான்?"

"பதில் சொல்லடி!" என்று மாமியார் ஃபிலொமேனா பதறினாள். "வாயை மூடினால் என் பிள்ளையைக் கடலுக்குத் தாரை வார்த்ததாகிவிடும்."

"சொன்னால் மட்டும் விட்டுவிடுமா, அத்தை?"

"உங்கள் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அலைக்குப் பசி" என்றது காகம்.

நீனோ ஓயாத வாயாடி. 'பேசினான்' என்பதற்கு அவர்கள் மொழியில் 'பர்லோ' என்பார்கள். ரொசால்பா அச்சொல்லைத் தொடங்கினாள். பாதியில் சட்டென்று உறைத்தது. இதை முடித்தால் அவன் பேச்சும் முடியுமே! முடிக்க மனம் வராமல், சொல்லுக்குள் மூச்சை நுழைத்து நீட்டினாள்.

"பர்லா... வா."

காகம் தலையைச் சாய்த்தது. "இதென்ன புதுமை? பேசி முடித்தானா, இல்லையா?"

"பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"திரும்புவோம் என்று நம்பினானா?"

"கிரெடேவா. நம்பிக்கொண்டிருந்தான்."

"இந்த வீட்டில் உறங்கினானா?"

"டோர்மீவா. நாள்தோறும் உறங்குவான், அது அவன் வழக்கம்."

"எப்போது முடிந்தது? அதைச் சொல்!" என்று காகம் அலறியது.

"அதை என் வாயால் சொல்லமாட்டேன்."

முடிவில்லாத சொல்லை எந்தக் கணக்கில் வாங்குவதென்று கடலுக்குத் தெரியவில்லை. காகம் நீர்மேல் வட்டமிட்டுக் கத்தியது. ரொசால்பா அதன் பின்னே ஓடிவந்து கரையிலேயே நின்றாள். பொழுது சாயும் வேளையில், பாய்மரம் முறிந்த படகொன்று கரை தட்டியது. காற்றைத் திட்டிக்கொண்டே நீனோ இறங்கினான்.

"பாவி, இன்னுமா பேசுகிறாய்!" என்று ஃபிலொமேனா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று முதல்தான் இத்தாலிய மக்கள், பேசுவதோ நம்புவதோ உறங்குவதோ, முன்பு தொடர்ந்து நடந்ததையும் வழக்கமாக நிகழ்ந்ததையும் சொல்லும்போது, வினைக்குள் ரொசால்பாவின் வகரத்தை வைத்துப் பேசுகிறார்கள். எப்போது முடிந்தது என்று அந்தச் சொல்லிடம் யாரும் கேட்பதில்லை.