பதினோரு முறை விழுந்த தட்டான்

"காத்தடிச்சா விழுந்துருதும்மா. ஏன்னே விளங்கல," என்றார் இசக்கியப்பன்.

அவர் மடியில் ஒரு தட்டான் இருந்தது. மோட்டாரில் சிறகடிக்கும் தட்டான். மண்சரிவில் மாட்டிக்கொண்டவர்களை இடுக்குக்குள் புகுந்து தேடுவதற்காக ஆறு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

அறைக்குள் அழகாகப் பறக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கொண்டுவந்தால் குப்புற விழும்.

மறுநாள் காலை அதே கணவாயில் கடைசிச் சோதனை. இதிலும் விழுந்தால் வேலையையே மூடிவிடுவதாக ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லியாயிற்று.

கேட்டுக்கொண்டிருந்தவர் சிவகாமியம்மை. கணவாய்ச் சரிவில் குடில் போட்டிருந்த துறவி. இசக்கியப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"விழுந்ததும் என்ன செய்வீங்க?"

"உடைஞ்ச இடத்துல ஒரு பட்டை வச்சு ஒட்டி இறுக்கிருவேன்."

"எத்தனை தடவை?"

"பதினோரு தடவை. இப்போ சிறகு இரும்பு மாதிரி நிக்கி."

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இத்தனை படித்தவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அம்மை எழுந்தார். "வாங்க, தண்ணி எடுத்துட்டு வருவோம்."

சுனை மேட்டில் இருந்தது. ஆளுக்கொரு குடம். இறங்கும்போது காற்று பிடித்துக்கொண்டது. ஆடி மாதம், அம்மியே பறக்கும்போது ஆராய்ச்சியாளர் எம்மாத்திரம்.

இசக்கியப்பன் காலை ஊன்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நின்றார்.

அம்மை நிற்கவில்லை. காற்று தள்ளினால் இரண்டடி போனார். விட்டால் திரும்பி வந்தார். கள் குடித்தவர் நடை. பார்க்கவே இவருக்குக் கூச்சமாக இருந்தது.

சட்டென்று காற்று நின்றது.

இசக்கியப்பன் குப்புற விழுந்தார். குடம் உருண்டு அவருக்கு முன்னால் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"காத்தா தள்ளிச்சு?" என்று கேட்டார் அம்மை.

"இல்லம்மா. காத்து நின்னுட்டு."

சொன்ன பிறகு அவருக்கே குழப்பமாகிவிட்டது. காற்று நின்றால் ஒருவன் ஏன் விழவேண்டும்?

"உங்க தட்டான் எப்போ விழுந்துச்சு? காத்து அடிக்கும்போதா, நிக்கும்போதா?"

பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். பதினோரு முறைக்கும் காற்றின் வேகம் எழுதியிருந்தது. காற்று எப்போது நின்றது என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதவேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்போ ஆறு வருஷமா நான் எதைச் சரிபண்ணிட்டு இருந்தேன்?"

கொட்டிய தண்ணீரை அம்மை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஒரு நிஜத் தட்டான் அந்தரத்தில் நின்றது.

காற்று மறுபடி வந்தது. தட்டானை ஒரு முழம் தள்ளியது. தட்டான் போனது. சிறகு வளைந்தது, முறுக்கிக்கொண்டது, நிமிர்ந்தது. காற்று நின்றபோது பழைய இடத்திலேயே இருந்தது.

இசக்கியப்பன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"விளங்கிச்சா?" என்றார் அம்மை.

"இல்லம்மா. ஒரு சின்னக் கத்தி இருக்குமா?"

"எதுக்கு?"

"பட்டை பதினொண்ணு இருக்கு. விடியறதுக்குள்ள பிரிக்கணும்."