தேவாங்கு தூங்கிய கார்

காலை எட்டு மணி பத்து நிமிடம். ஒரு காட்டில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மின்சாரக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பெயர் வெள்ளையப்பன். கன்னங்கரேலென்ற கரடி.

அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே கார். ஓடைக்கரையில் புறப்பட்டு, இருபது கிலோமீட்டர் புதர்க்காட்டைத் தாண்டி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மலை உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மின்சாரம் ஏற்றும் இடம் ஓடைக்கரையில் மட்டும்தான். போகும்போது ஒன்றும் ஆகாது. திரும்பும்போது, ஓடைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில், கார் நின்றுவிடும். தினமும் அதே இடம். அங்கே நின்ற வேப்பமரத்துக்கு 'இறங்கு மரம்' என்றே பெயர் வந்துவிட்டது.

"தள்ளுங்கப்பா, வந்துட்டோம்" என்றது கரடி, ஜன்னல் வழியாக.

"நேத்தும் இதைத்தான் சொன்னே" என்றது காட்டுப்பன்றி. "முதல்ல நீ இறங்கு. பாதி பாரம் குறையும்."

"நான் இறங்கினா ஸ்டியரிங்கை யார் பிடிக்கிறது?"

"நேர் ரோடுதானே? அது பாட்டுக்குப் போகும்."

பின்பக்கத்தில் ஒரு தேவாங்கும் நின்றது. அதன் பெயர் அம்மாக்கண்ணு. முகத்தில் பாதி கண்தான் என்பதால் அந்தப் பெயர். இரவெல்லாம் பலாத்தோப்புக்குக் காவல் இருந்துவிட்டு, விடிந்ததும் காரில் ஏறிவிடும். அதற்கு மலையிலும் வேலை இல்லை, மலையடிவாரத்திலும் வேலை இல்லை. மரத்தில் படுத்தால் பருந்து பயம். கார் போய்த் திரும்புவதற்குள் பயமில்லாமல் ஒரு தூக்கம் போடலாம் என்றுதான் ஏறுவது.

"அம்மாக்கண்ணு, நீ தள்ளுறியா, சாய்ஞ்சிருக்கியா?" என்று பன்றி கேட்டது.

"சாய்ஞ்சிருக்கேன். நின்னுக்கிட்டே தூக்கம் வருதான்னு பார்க்கிறேன்."

விஷயம் சிங்கத்தின் காதுக்குப் போனது. அன்று மாலையே சிங்கம் எல்லோரையும் ஓடைக்கரைக்கு வரச் சொன்னது.

"வெள்ளிக்கிழமை கார் மலை ஏறி இறங்கி இங்கே வந்தாகணும்" என்றது சிங்கம். "வழியில ஒருத்தர் இறங்கித் தள்ளினாலும் சரி, மறுநாள் சாவி நரிகிட்ட போயிடும்."

கரடி தலையைக் குனிந்துகொண்டது. அந்த ஓட்டுநர் இருக்கையை எடுத்துவிட்டால் அதற்கு ஊரில் வேறு மரியாதை இல்லை. கூட்டத்தில் இருந்த மூன்று காட்டுக்கோழிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவை தினமும் காரில் மலைக்குப் போய்த் தினை வாங்கி வந்து விற்பவை. நரி ஓட்டும் காரில் ஏறினால் எங்கே போய் இறங்குவோம் என்பதில் அவற்றுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் நரி கரடியிடம் வந்தது.

"அண்ணே, எனக்குப் பதவி ஆசை கிடையாது. நீங்க ஓட்டற அழகு யாருக்கு வரும்? குறை உங்ககிட்ட இல்லை. பேட்டரி சின்னது. எங்கிட்ட ஒரு பெரிய பேட்டரி சும்மா கிடக்கு. எடுத்துக்கங்க."

"என்ன கொடுக்கணும்?"

"உங்ககிட்ட வாங்குவேனா? நீங்க நல்லா இருந்தாப் போதும்."

கரடிக்குக் கண் கலங்கியது. புதன்கிழமை காலை, எருமைக் கன்று அளவுக்கு இருந்த அந்தப் பேட்டரியைக் காரின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். கார் நான்கு சக்கரங்களிலும் ஓர் அங்குலம் அமிழ்ந்தது. மலையேறுவதற்குள் முக்கி முனகியது. பெரிய பேட்டரி தந்த மின்சாரம் அதன் பாரத்தைச் சுமக்கவே போதவில்லை. திரும்பும்போது இறங்கு மரம்வரை கூட வரவில்லை. அதற்கு நான்கு கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டது. அன்று ஒன்பது கிலோமீட்டர் தள்ளினார்கள். பேட்டரியையும் சேர்த்து.

ஓடைக்கரையில் நரி காத்திருந்தது. "அடடா. இன்னொண்ணு வெச்சுப் பார்ப்போமாண்ணே?"

வியாழக்கிழமை கரடி காரை எடுக்கவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேவாங்கு காவல் முடிந்து வந்து, கார் கிளம்பாததைக் கண்டு எரிச்சலானது.

"ஏன்ணே, இன்னைக்கு வண்டி இல்லையா?"

"இருக்கிற ஒரு நாளும் தள்ளணுமா? நாளைக்குச் சாவியைக் கொடுத்துடறேன்."

"கொடு. நரி ஓட்டினாலாவது எனக்குத் தூக்கம் வரும்."

கரடி நிமிர்ந்தது. "என்ன சொன்னே?"

"உன் வண்டியில நான் ஒரு நாளாவது முழுசாத் தூங்கியிருக்கேனா? கிளம்பும்போது ஒரு உதை. நிறுத்தும்போது ஒரு குத்து. வளைவுக்கு வளைவு முன்சீட்டுல மூஞ்சி இடிக்குது. நீ நல்லா ஓட்டறவன்தான், இல்லைங்கலை. தூங்கறவங்களை வெச்சு ஓட்ட உனக்கு வராது."

"எனக்கா வராது?"

"வராது."

குழந்தைகளே, இந்தக் கரடியிடம் 'மெதுவாகப் போ' என்று சொன்னவர்கள் அதற்கு முன் ஏழு பேர். ஏழு பேரும் திட்டு வாங்கினார்கள். 'உனக்கு வராது' என்று யாரும் சொன்னதில்லை.

"நாளைக்கு நீ வண்டியில ஏறு" என்றது கரடி. "முன்னாடி கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு மேலேயே படு. ஓடையில கண்ணை மூடு. மலைக்குப் போய்த் திரும்பி ஓடைக்கு வர்ற வரைக்கும் நீ முழிக்கலைன்னா?"

"முழிக்கலைன்னா, சாகற வரைக்கும் உன்னை நல்ல டிரைவர்னு சொல்றேன். முழிச்சா, நாளையிலேர்ந்து நீயும் இறங்கித் தள்ளணும்."

"சரி."

"ஆனா ஒண்ணு. சத்தம் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அதையெல்லாம் முதல்ல எடு."

"எதை?"

தேவாங்கு மெல்லக் காரைச் சுற்றி வந்தது. முன்பக்கம் இரண்டு புறமும் வாழைமரம் கட்டியிருந்தது. போன ஆயுத பூஜைக்குக் கட்டியது. இப்போது தை மாதம். காற்றில் காய்ந்த இலை படபடவென்று அடிக்கும். யானையைக் கூப்பிட்டார்கள். காய்ந்தது, பச்சை என்று பார்க்காமல் யானை ஐந்து நிமிடத்தில் இரண்டையும் தின்று முடித்தது.

மேலே இரும்புக் கம்பித் தட்டும், அதில் இரண்டு ஒலிபெருக்கிகளும் இருந்தன. வேகமாகப் போனால் கம்பிகளுக்குள் காற்று புகுந்து விசில் அடிக்கும். அவையும் இறங்கின. நரியின் பேட்டரியும் இறங்கியது.

"டயர்ல காத்து கம்மி" என்றது பன்றி. "தள்ளற எனக்குத் தெரியாதா? சேத்துல தள்ற மாதிரி இருக்கு."

"மெத்துன்னு இருக்கட்டும்னுதான் விட்டேன்" என்றது கரடி.

"சதக் சதக்னு சத்தம் வருது" என்றது தேவாங்கு. "அடி."

காற்றை நிறைத்தார்கள்.

"ஏசி எத்தனையில வெச்சிருக்கே?"

"பதினாறு."

"ஜன்னல்?"

"திறந்துதான் இருக்கும். கையை வெளியே வெச்சாத்தான் ஓட்டற மாதிரி இருக்கும்."

"குளிரும் வேணும், காத்தும் வேணுமா? ஜன்னலை மூடு. ஏசியை இருபத்தாறுக்கு ஏத்து. என் உடம்பு உன் உடம்பு மாதிரி கம்பளி இல்லை."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேட்டரி மீட்டர் நூறு காட்டியது. "சிங்கத்தோட சார்பா சாட்சிக்கு நானே வர்றேன்" என்று நரி பின்சீட்டில் ஏறிக்கொண்டது. கோழிகள் மூன்றும் உடனே நடுச்சீட்டுக்கு இடம் மாறின. தேவாங்கு டேஷ்போர்டில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது.

கரடி வழக்கம்போல் காலை அழுத்தப் போனது. தேவாங்கின் மூக்கு அசைந்தது. கரடி காலைத் தளர்த்தியது. கார் எந்தச் சத்தமும் இல்லாமல், ஓடையில் விழுந்த இலைபோல் நகர்ந்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு முயல் காரை முந்திக்கொண்டு ஓடியது.

"அண்ணே, முயல் ஓவர்டேக் பண்ணுது" என்றது நரி. "நான் சொல்லலை, ஊர் சொல்லும். உங்க பேரு என்னாகிறது?"

கரடியின் வலது கால் துடித்தது. முயல் திரும்பிப் பார்த்துக் காதை ஆட்டிவிட்டுப் போனது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டது.

"மெல்லப் பேசு" என்றது. "தூங்குது."

அதன்பிறகு காரில் இருந்த எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.

கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. முன்பெல்லாம் வளைவு வரைக்கும் பாய்ந்து போய், அங்கே பிரேக்கை ஓங்கி மிதித்து, திரும்பி, மறுபடியும் பாய்வதுதான் வழக்கம். இன்று ஒரு மிதி மிதித்தால் அம்மாக்கண்ணு உருண்டு கீழே விழுந்துவிடும். அதனால் கரடி வளைவு தெரியும் முன்பே காலை எடுத்தது. கார் தானாக வேகம் குறைந்து, வளைந்து, அதே நடையில் ஏறியது.

மலை உச்சியில் பன்றி மீட்டரை எட்டிப் பார்த்தது. "நாப்பத்தி நாலு" என்று முணுமுணுத்தது. "எப்பவும் இங்கே இருபதுதானே இருக்கும்?"

"பேசாதே" என்றது கரடி. ஆனால் அதன் காது இரண்டும் விறைத்து நின்றன.

இறக்கம் தொடங்கியது. கரடி காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. இறங்கும் வேகத்தில் சக்கரங்கள் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பியது. மீட்டரில் நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து ஆனது.

"ஏறுது" என்றது ஒரு கோழி.

"எது?"

"எண்."

மூன்று கோழிகளும் கழுத்தை நீட்டி, முட்டை எண்ணுவதுபோல் மூச்சுவிடாமல் எண்ணின. நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

"பிரேக்கைப் போடுங்கண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றது நரி.

"பயந்தா இறங்கி நட" என்றது கரடி. "சத்தம் போடாம."

அடிவாரத்தில் ஐம்பது. முன்னால் புதர்க்காட்டின் நேர்சாலை. கரடி வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இறங்கு மரம் தூரத்தில் தெரிந்தது. பன்றி எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தது.

"எதுக்கு எழுந்திருக்கே?" என்றது கோழி.

"தெரியலை. பழக்கம்."

மரம் வந்தது. மரம் போனது. பன்றி மெதுவாக உட்கார்ந்தது. கோழிகளில் ஒன்று இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மற்ற இரண்டும் அதைப் பார்த்துச் சிரித்தன. அப்புறம் கார் முழுவதும், சத்தம் வெளியே வராமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கரடி சிரிப்பை அடக்கியதில் அதன் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்டியரிங் மட்டும் ஆடவில்லை.

ஓடைக்கரையில் சிங்கம் நின்றிருந்தது. கார் அதன் முன் வந்து நின்றது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக நின்றது. மீட்டரில் முப்பத்து மூன்று.

கரடி தேவாங்கின் தோளை ஒரு விரலால் தொட்டது. "அம்மாக்கண்ணு. வந்தாச்சு."

தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தது. "ஏன் எழுப்பினே?"

"பந்தயம்."

"ஓ." தேவாங்கு கொட்டாவி விட்டது. "நல்ல டிரைவர்." மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

அப்போதுதான் அடக்கிவைத்த சத்தமெல்லாம் வெளியே வந்தது. கோழிகள் கூரைமேல் ஏறிக் கூவின. யானை ஓடைத் தண்ணீரை எல்லோர்மேலும் தெளித்தது. பன்றி கரடியின் முதுகில் அடித்த அடியில் கரடி ஓடைக்குள் போய் விழுந்தது.

"மீட்டர் ரிப்பேர்" என்றது நரி. "முப்பத்து மூணெல்லாம் இருக்காது. இப்பவே காலியாகியிருக்கும்."

சிங்கம் யோசித்தது. "அப்படியா? வா, இறங்கு மரம் வரைக்கும் ஒரு தரம் போய்ட்டு வருவோம். நின்னா நீ தள்ளு."

சிங்கம் அதுவரை காரில் ஏறியதே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து கிலோமீட்டரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தது. நரி பின்சீட்டில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தது. திரும்பி வந்தபோது இருபத்து மூன்று இருந்தது.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சிங்கம் கரடியிடம் சொன்னது. "நாளைக்கும் நான் வரலாமா?"

"வரலாம்" என்றது கரடி, ஈரத்தைப் பிழிந்துகொண்டே. "ஆனா உறுமக் கூடாது. ஆள் தூங்கும்."

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, மலைக்கு அப்பால் உள்ள நாவல்காடு வரை அதே காரும் அதே பேட்டரியும் ஓடத் தொடங்கின.

நீதி: இன்னும் வேண்டும் என்று தேடுவதற்கு முன், இருப்பது எங்கே வீணாகிறது என்று பார்.