அரை சாக்பீஸ்

வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். மடத்தோடு சேர்ந்து, எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். இரண்டையும் பார்த்துக்கொண்டவர் தில்லையம்மை. வயது நாற்பதுதான். எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்திய தணிகாசலம் வாத்தியாருக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு. மனசில் எது உறுத்தினாலும் அம்மை எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு அவர் வந்தபோது மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. அம்மை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, வகுப்பு நேரத்துல?"

"வகுப்புல செவ்வந்தின்னு ஒரு பொண்ணு இருக்கா, அவ பார்த்துக்குவா அம்மா. ஒரு சந்தேகம். அதான் ஓடி வந்தேன்."

"உட்காருங்க."

"வெள்ளிக்கிழமை பெத்தவங்க எல்லாம் வந்து பின்னால உட்கார்ந்து பாடம் கேட்கப் போறாங்க. வந்தவாசிச் சண்டைதான் பாடம். ஆயிரத்து எழுநூத்து அறுபது, ஜனவரி இருபத்திரண்டு. இங்கிலீஷ்காரன் ஜெயிச்சான், பிரெஞ்சுக்காரன் தோத்தான். அதெல்லாம் பிள்ளைங்க கடகடன்னு சொல்லிடும். விளைவுகள்னு வந்தப்போ ஒரு பையன் என்னை மடக்கிட்டான்."

"யாரு?"

"அப்சல். 'சார், ஆற்காட்டு நவாப் இங்கிலீஷ்காரன் பக்கம்தானே இருந்தாரு? அப்போ அவரும் ஜெயிச்ச பக்கம்தானே? ஜெயிச்சவரு ராஜ்யம் எப்படி சார் போச்சு?'ன்னு நேத்து கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்னேன். வகுப்பே சிரிச்சிடுச்சு."

அம்மையும் லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா. கைடுல தேடினேன். நாற்பத்தோரு வருஷத்துல நவாபுக்குப் பட்டம் மட்டும்தான் மிச்சம்னு போட்டிருக்கான். எப்படின்னு போடலை. வெள்ளிக்கிழமை அவன் திரும்பக் கேட்பான். போன வருஷமே ரெண்டு பேர், எட்டாம் வகுப்புக்கு வேற வாத்தியாரைப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இந்தத் தடவை பதில் இல்லாம நின்னா, வகுப்பு என் கையில இருக்காது."

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு சாக்பீஸ் கொண்டு வாங்க. தரையில போட்டுக் காட்டறேன்."

வாத்தியார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். இல்லை. எழுந்து போனார். ஒரு கொத்துக் கீரை முழுதும் ஆய்ந்து முடித்த பிறகுதான் திரும்பி வந்தார். கையில் அரை சாக்பீஸ் இருந்தது.

"முழுசு இல்லையா?"

"எதுக்கு சார்னு கேட்டா செவ்வந்தி. மடத்துக்குன்னேன். 'அரை போதுமில்ல சார்?'னு உடைச்சுக் கொடுத்தா." வாத்தியார் முகத்தில் பெருமை தெரிந்தது. "கெட்டிக்காரி அம்மா. ஒரு துண்டு வீணாகாது."

"சாக்பீஸ் பெட்டி அவகிட்டதான் இருக்கா?"

"ஜூன் மாசத்துல இருந்து."

"எப்படி அவகிட்ட போச்சு?"

"பள்ளிக்கூடம் திறந்தப்போ வகுப்பு ரெண்டு கட்சியா கிடந்ததும்மா. அப்சல் ஒரு பக்கம், செவ்வந்தி ஒரு பக்கம். அப்சல் கூட்டம் என்னை வாயைத் திறக்க விடாது. நான் போர்டு பக்கம் திரும்பினா, பின்னாடி எவனாவது மாடு மாதிரி கத்துவான். பார்த்தேன். செவ்வந்தியைக் கூப்பிட்டு, நீதாம்மா எனக்கு ஒத்தாசை பண்ணணும்னேன். ஒரே வாரம்! அவ கூட்டம் போர்டுல பேர் எழுத ஆரம்பிச்சது. அப்சல் கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு."

"அப்புறம்?"

"பேர் எழுத சாக்பீஸ் வேணும்னா. பெட்டியைக் கொடுத்தேன். பெட்டியைப் பத்திரமா வைக்க பீரோ சாவி வேணும்னா. அதையும் கொடுத்தேன். அட்டெண்டன்ஸ் நோட்டு பீரோவுக்குள்ளதானே இருக்கு, அதை அவளே எடுத்து, அவளே போட்டு..."

வாத்தியார் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் வேலை குறைஞ்சுதும்மா."

"அந்தப் பிள்ளை மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுது?"

"யாரு, செவ்வந்தியா?" அவர் யோசித்தார். "தனியாத்தான். பீரோ பக்கத்துல."

அம்மை ஒரு காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

"அப்சலைக் கூட்டிட்டு வாங்க. கேட்டவனும் பக்கத்துல இருக்கட்டும்."

வாத்தியார் மறுபடியும் போனார்.

புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. வகுப்பு வாசலில், நிழல் விழாத இடத்தில் அப்சல் நின்றுகொண்டிருந்தான். பதின்மூன்று வயசு. நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஏண்டா இங்கே நிக்கிறே?"

"நேத்து கேள்வி கேட்டு வகுப்பைச் சிரிக்க வச்சேனாம் சார். பேர் எழுதிட்டா."

"சரி, வா என்கூட."

"அவகிட்ட சொல்லிட்டுக் கூப்பிடுங்க சார். இல்லாட்டி நாளைக்கும் நிக்கணும்."

வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார். செவ்வந்தி அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நின்று நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாவி.

"செவ்வந்தி, அப்சலை மடத்துக்குக் கூட்டிட்டுப் போறேம்மா."

"மணி அடிக்கட்டும் சார். இப்போ விட்டா எல்லாரும் கேட்பாங்க."

"நான் சொல்றேனேம்மா."

"நீங்கதானே சார் பார்த்துக்கோன்னு சொன்னீங்க?" அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

வாத்தியார் உள்ளே வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"சரிம்மா. மணி அடிச்சதும் அனுப்பு."

வாத்தியார் படி இறங்கும்போது, வெயிலில் நின்றபடியே அப்சல் மெதுவாகக் கேட்டான்.

"என்ன சார், உங்களையும் விடலையா?"

வாத்தியார் தனியாகத் திரும்பி வந்தார். அம்மை கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"வெளியே நிக்கிறான். மணி அடிச்சாத்தான் வருவான்."

"நீங்க நிக்க வச்சீங்களா?"

"இல்லை."

வாத்தியார் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்த அரை சாக்பீஸை அம்மை எடுத்து அவர் கையிலேயே வைத்தார்.

"இது வேண்டாம்."

"போட்டுக் காட்டறேன்னீங்களேம்மா. பதில்?"

"ஜூன் மாசத்துல ஜெயிச்சது யாரு வாத்தியாரே?"

"செவ்வந்தி பக்கம்."

"நீங்க எந்தப் பக்கம்?"

சமையல்கட்டுக்குள் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. வாத்தியார் கையில் இருந்த துண்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வேட்டியெல்லாம் வெள்ளைத் தூள்.

கடைசியில் எழுந்தார்.

"இன்னைக்கே பெட்டியையும் சாவியையும் கேட்டு வாங்கிடறேம்மா."

"கேட்டா வாங்கப் போறீங்க?"

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பதில் புரிஞ்சுடுச்சும்மா. ஆனா பெத்தவங்க அத்தனை பேர் முன்னாடி இதை நான் எப்படிச் சொல்வேன்? வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பையன் வாயைத் திறக்காம இருந்தா நல்லா இருக்கும்."

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகத் திரும்பியவர் வாசற்படியில் நின்றார்.

"நவாபைக் கேள்வி கேட்க அப்படி ஒருத்தன் இருந்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கு இருக்கான் வாத்தியாரே. வெயில்ல நிக்கிறான்."