சோறு வராத இலை

ஒரு காலத்தில் கொன்றையூரை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காலையில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தோற்ற போரை நினைத்துப் புலம்புவார். மத்தியானத்துக்கு மேல், அடுத்த வருஷம் ஜெயிக்கப் போகிற போருக்கு யானைகளைப் பொறுக்குவார். இரண்டுக்கும் ஒத்து ஊதுவது அரண்மனை ஜோசியர் சடாதரரின் வேலை.

ஐப்பசி மழை கொட்டியது. ஏரிக்கரைக் குடியானவப் பெண் பொன்னாச்சி அரண்மனை வாசலுக்கு ஓடி வந்தாள். "கரை கசியுது சாமி, பத்து ஆள் அனுப்பச் சொல்லுங்க!"

"ராஜா யோசனையில் இருக்கிறார். நாளைக்கு வா" என்று ஜோசியர் விரட்டினார். மறுநாளும் அதே பதில்.

அமைச்சர் உலகநாதர் முதல் நாளே அவளைக் கவனித்தார். நேரே சொன்னால் ராஜா காதில் ஏறாது, யுக்தியாகத்தான் சொல்லவேண்டும் என்று யோசனையில் இறங்கினார்.

மூன்றாம் நாள் மத்தியானம். ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை வந்தது, சோறு வரவில்லை.

"எங்கே ஐயா சாப்பாடு?"

"நேற்றைய வாழைக்காய் வறுவலை நினைத்துக்கொள்ளுங்கள், மகாராஜா" என்றார் பக்கத்தில் நின்ற உலகநாதர்.

"என்ன உளறல்?"

"நாளைக்குப் பால்பாயசம். அதையும் நினைத்துக்கொள்ளலாம்."

"ராஜத்துரோகம்!" என்று ஜோசியர் குதித்தார்.

"உமக்கும் இதே விருந்துதான், ஜோசியரே!"

ராஜா இலையில் ஓங்கி அடித்தார். "எனக்கு இப்போது பசிக்கிறதய்யா!"

"கரையும் இப்போதுதான் கசிகிறது மகாராஜா. வாசலில் ஒருத்தி மூன்று நாளாகச் சொல்கிறாள்."

ராஜாவின் முகம் கறுத்தது. அப்படியே எழுந்து, ஆட்களோடும் பொன்னாச்சியோடும் ஓடினார்.

போய்ச் சேரும்போது கரை உடைந்திருந்தது. சனங்கள் மேட்டில் ஏறிப் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் எட்டு வீடுகள் கரைந்து கிடந்தன. அதில் ஒன்று பொன்னாச்சியுடையது. அவள் அழவில்லை, ஏசவுமில்லை.

"நேத்து வந்திருந்தா பத்துப் பேர் போதும் சாமி" என்றாள்.

ராஜா தலைகுனிந்து மண்வெட்டியை எடுத்தார். ஜோசியர் மெல்ல, "ராகுகாலம் கழியட்டுமே..." என்றார்.

"கூடையைத் தூக்கும்!" என்றார் ராஜா.

மழை விட்டது, உடைப்பும் ஒருவழியாக அடைபட்டது. ராஜா முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினார். "என் கண்ணைத் திறந்தீர்."

உலகநாதர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டாம் மகாராஜா. யுக்தி யோசித்தே இரண்டு நாளைத் தின்றுவிட்டேன். முதல் நாளே சபையில் நின்று கத்தியிருந்தால் இந்த எட்டு வீடும் நின்றிருக்கும்."

இருவராலும் பொன்னாச்சியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மாலையை அப்புறம் பார்த்துக்கலாம் சாமி" என்றாள் அவள். "அந்த மூலையில இன்னும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணி வருது. ரெண்டு பேரும் வாங்க."

ராஜாவும் அமைச்சரும் மண்வெட்டியோடு அவள் பின்னால் போனார்கள்.