தலைப்பைப் பிடித்துக்கொண்ட பல்லி

அந்தக் காலத்தில், மிருகங்கள் பேசக் கற்று, எழுதக் கற்று, எழுதியதையெல்லாம் நம்பவும் தொடங்கியிருந்தபோது, சிங்கராசா தன் மகளின் பெயர்சூட்டுக்குக் காட்டையே விருந்துக்கு அழைத்தார். "இன்று ஒருநாள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. ஓர் உயிர் போனாலும் பந்தி விசாரிக்கிறவன் தலை போகும்" என்று உத்தரவு.

பந்தி விசாரிக்க மாட்டிக்கொண்டவன் சடையன் என்ற கரடி. மலையுச்சியில் தேன் குடித்தே வளர்ந்தவன். கீழ்க்காட்டில் யாருக்கு யார் உறவு, யாருக்கு யார் பகை என்று அவனுக்குத் தெரியாது. அதனால் அரண்மனைக் கொக்கு ஒரு நீளத் துணியில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்திருந்தது. உச்சியில் மூன்று தலைப்புகள்: பெயர், அருகில் வைக்க, தூரத்தில் வைக்க. கீழே காட்டின் மொத்தக் குடியும். துணியை இரண்டு மூங்கில்களில் சுற்றி ஆலமரத்தில் மாட்டியிருந்தார்கள். ஒரு குரங்கு திருகத் திருக, துணி மேலே சுருண்டுகொண்டே போகும்.

யானை, மான், முயல் வரை சிக்கல் இல்லை. அதற்குள் தலைப்புகள் மேல் மூங்கிலுக்குள் போய்விட்டன. அடுத்தது தவளை. அதற்கு நேரே நத்தை, பாம்பு என்று இருந்தது.

"இதில் எது அருகில், எது தூரத்தில்?" என்றான் சடையன்.

குரங்கு மறுபடி உச்சிவரை திருகிக் காட்டியது. சடையன் படித்தான். ஆனால் கீழே வருவதற்குள் மறந்துவிட்டான். மறுபடி மேலே, மறுபடி கீழே.

"அண்ணே, மேலே போனால் கீழே இருப்பது தொலைகிறது, கீழே வந்தால் மேலே இருப்பது தொலைகிறது. என் கை கழன்று விழுவதற்குள் எதையாவது முடிவு பண்ணுங்கள்" என்றது குரங்கு.

சடையன் முடிவு பண்ணினான். தவளைக்குப் பாம்பின் பக்கத்தில் இலை போட்டான்.

தவளை உட்கார்ந்து, பக்கத்தில் பார்த்து, மெதுவாகக் கேட்டது: "கரடியண்ணே, இங்கே எனக்குச் சாப்பாடா, நானே சாப்பாடா?"

பாம்பு வாயைத் திறந்தது. "கொட்டாவிதான்" என்றது. அதற்குள் தவளை ஒரே தாவலில் சடையன் முகத்தில் ஒட்டிக்கொண்டது. கண் தெரியாமல் தடுமாறிய சடையன் மேல் மூங்கிலைப் பிடித்துத் தொங்க, துணி விரிந்து, தலைப்புப் பட்டை மட்டும் கிழிந்து, இலைக்குக் காத்திருந்த பல்லியின் மேல் விழுந்தது. மிரண்ட பல்லி பட்டையோடு மரமேறி, மூங்கிலுக்கு மேலே அதை நான்கு காலாலும் அழுத்திக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொண்டது.

சடையன் தவளையைப் பிய்த்தெடுத்துவிட்டு நிமிர்ந்தான். குரங்கு திருகத் துணி ஓடிக்கொண்டிருந்தது, பல்லி பிடித்த தலைப்பு நின்றுகொண்டிருந்தது. தவளைக்கு நேரே பார்த்தான். பாம்புக்கு மேலே 'தூரத்தில் வைக்க'. தவளையைத் தூக்கி நத்தையிடம் விட்டான்.

"பல்லி, இறங்கிவிடாதே" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"பந்தி முடியும்வரை."

"ச்சு" என்றது பல்லி.

காட்டில் பசிக்கு ஏது முடிவு? ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உட்கார்ந்தது. அன்று முதல்தான் பல்லி உயரத்திலேயே ஒட்டிக்கொண்டு 'ச்சு, ச்சு' என்று சலித்துக்கொள்கிறது. இன்றும் அது பிடியை விடாததால்தான், கணினியில் அட்டவணையை எவ்வளவு கீழே உருட்டினாலும், தலைப்பு வரி மட்டும் உச்சியைவிட்டு இறங்குவதில்லை.