காதை அடைத்துக்கொண்ட இரத்தக்குழாய்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மாடத்தி என்ற பெண்ணுக்குள் தலை முதல் விரல்நுனி வரை செந்தாரை என்றொரு இரத்தக்குழாய் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கிருந்தாவது "மூச்சு முட்டுது" என்று குரல் வந்தால், உடனே ஒரு கிளை விட்டு இரத்தம் கொடுத்துவிட வேண்டும். யார், எவர் என்று விசாரிப்பது மரியாதையில்லை.

ஒருநாள் வயிற்றுப் பக்கமிருந்து மெலிந்த குரல் கேட்டது.

"அக்கா, மூச்சு முட்டுதுக்கா."

கூப்பிட்டது மிளகளவே இருந்த ஒரு புற்றுக்கட்டி. செந்தாரைக்கு மனசு கேட்கவில்லை.

"பொறுத்துக்க தம்பி, இதோ வந்துட்டேன்" என்று கிளை விட்டாள்.

கட்டி வயிறாரக் குடித்துப் பருத்தது. பருத்ததும் மறுபடி மூச்சு முட்டியது, மறுபடி கூப்பிட்டது. அது அக்கா அக்கா என்று குழைந்த குழைவில், கோணல்மாணலாக எத்தனை கிளை விட்டாளோ பாவிமகள்! வெளியே மாடத்தி துரும்பாக இளைத்தாள். கைப்பிள்ளையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மாடத்தி குடித்த மருந்து செந்தாரையிடம் வந்து சேர்ந்தது.

"ஏம்மா, நீ யாருக்குச் சோறு போடுறேன்னு தெரியுதா? இவன் இந்தப் பொம்பளையையே தின்னுக்கிட்டிருக்கான்."

செந்தாரை பதறிப்போனாள். "ஐயோ, கூப்பிட்டா என்னால போகாம இருக்க முடியாதே!"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். உன் காதை அடைச்சுடுறேன். ஆனா ஒண்ணு, அப்புறம் நல்லவங்க கூப்பிட்டாலும் உனக்குக் கேக்காது."

வெளியே பிள்ளை பாலுக்கு அழுதது. செந்தாரை காதில் கடைசியாக விழுந்தது அந்த அழுகைதான்.

"அடைச்சுடுங்க" என்றாள்.

கட்டி கத்திப் பார்த்தது. புதுக்கிளை வரவில்லை. வளர வழியில்லாமல் சுருண்டு கிடந்தது. மாடத்தி மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போனாள். காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலைக் கீறிவிட்டது. கீறலுக்குள் அப்போதுதான் பிறந்த இளஞ்சதை, "அக்கா, மூச்சு முட்டுதுக்கா" என்றது. பொய் சொல்லத் தெரியாத குழந்தை அது. தொண்டை வற்றக் கூப்பிட்டது. செந்தாரை அந்த விரல் வழியாகத்தான் தினமும் போய்வந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரை நொந்துகொள்வது?

அன்று முதல்தான், இரத்தத்தை மறித்துக் கட்டியைப் பட்டினி போடும் மருந்து எடுப்பவர்களுக்குச் சின்னக் கீறல்கூட ஆற வெகுநாள் ஆகிறது.