பரிவட்டம் கட்டியவர் யார்?

சட்டமன்ற உறுப்பினர் நோயில் விழுந்து ஓராண்டாகியிருந்தது. எவரும் அவரைப் பார்க்காதபடி காத்துவந்தவர் மைத்துனர் தில்லைநாயகம். பேறுகாலப் பெண்களைப் பரிசலில் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மேலக்கரை மக்கள் பாலம் கேட்டு மனுவோடு போனால், "நான் வெறும் உறவுக்காரன் ஐயா. அத்தான் எழுந்து வந்து சபையில் கேட்பார்" என்று அனுப்பிவிடுவார்.

தேரோட்டம் வந்தது. உறுப்பினருக்குரிய பரிவட்டத்துக்குத் தில்லைநாயகமே தலையை நீட்டினார். "அத்தான் இடத்தில் இப்போது நான்தான். கட்டுங்கள் குருக்களே!"

கட்டினார்கள். வடம் இழுத்தார்கள். தேர் அசையவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போடும் மேலக்கரை உத்தண்டன், போட்ட கட்டையை எடுக்காமல் குந்தியிருந்தான்.

"எடுடா கட்டையை!" என்று அதட்டினார் தில்லைநாயகம்.

"எடுக்கிறேன் ஐயா. ஒரு சந்தேகம். மனு என்றால் நீங்கள் உறவுக்காரர், மரியாதை என்றால் உறுப்பினர். இப்போது யார்? அவர் இடத்தில் நிற்பவரென்றால் எங்கள் குறையை இங்கேயே அவர் காதில் போடுங்கள். உறவுக்காரரென்றால் பரிவட்டத்தை அவிழ்த்துவிடுங்கள்."

"சீக்கிரம் சொல்லுங்க சாமி, கால் சுடுது!" என்று வடம் பிடித்தவர்கள் சிரித்தார்கள்.

தில்லைநாயகத்துக்குப் பரிவட்டத்தை இழக்க மனமில்லை. ஊரே கேட்கக் கைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு, அத்தானை அழைத்து விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் மெலிந்த குரல் எழுந்தது.

"பாலமா? என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே! எழுந்து நின்று கேட்க முடியாத எனக்கு அந்த நாற்காலி எதற்கு? இன்றே விலகுகிறேன். உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரை அனுப்புங்கள்."

உத்தண்டன் கட்டையை உருவினான். ஊர் போட்ட ஆரவாரத்தில் தேர் தானே கிளம்பியதுபோல் இருந்தது.